குறிப்பேடும் பேரேடும்

இந்தியப் பங்குச் சந்தையின் விலைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், முதல் வேலையாகப் பெரிய சர்வருக்குக் கொட்டேஷன் கேட்பார். அதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. தேசியப் பங்குச் சந்தையில் 2,000 நிறுவனங்களின் பங்குகள் கைமாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வர்த்தக நாள். ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: தேதி, தொடக்க விலை, அன்றைய உச்சம், அன்றைய தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. ஆண்டுக்கு 5 லட்சம் வரி வருகிறது. அந்தச் சந்தையில் பங்கு வர்த்தகம் தொடங்கியது 1994 நவம்பரில். முப்பது ஆண்டுக்கு 1.5 கோடி வரி. வரிக்கு 40 பைட் என்றாலும் மொத்தம் 60 கோடி பைட்தான். மலிவான செல்போனிலும் இதற்கு இடம் இருக்கும்.

நிமிடத்துக்கு ஒரு வரி வேண்டுமென்றால் கணக்கு மாறும். காலை 9:15 முதல் மாலை 3:30 வரை 375 நிமிடம். ஒரு நாளைக்கு 7.5 லட்சம் வரி, ஓர் ஆண்டுக்கு 18.75 கோடி. 750 கோடி பைட் ஆகிறது. இதுவும் பென்டிரைவில் அடங்கிவிடும். உண்மையிலேயே பெரிது என்று சொல்லத்தக்கது அதற்கும் கீழே, சந்தைக்காரர்கள் ‘டிக்’ என்று சொல்லும் மட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஆர்டரும் வந்த கணம், ரத்தான கணம், விற்று முடிந்த கணம் எல்லாமே தனித்தனிப் பதிவுகள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013-இல் நிறுவிய மைடாஸ் என்ற அமைப்பு, அந்நாட்டுச் சந்தைகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 100 கோடிப் பதிவுகளை, மைக்ரோ வினாடி நேரக்குறிப்போடு, திரட்டத் தொடங்கியது. அந்த மட்டத்துக்கு அறை நிறைய இயந்திரங்கள் தேவைதான். ஆனால் ‘பெரிய தரவு’ என்று அஞ்சிக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது முதல் வகை.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1.5 கோடி வரியை வைத்துக்கொண்டே ஒரு நல்ல கணினியைத் திணறடிக்க முடியும். அதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். வந்ததை வந்த வரிசையில் போட்டுவைத்தால் போதும்.

சந்தை முடிந்ததும் அன்றைய விலைகளையெல்லாம் ஒரே கோப்பாக வெளியிடுவார்கள். தொழிலில் இருப்பவர்கள் அதைப் பாவ்காபி என்பார்கள். நாள்தோறும் பாவ்காபியை இறக்கி, அட்டவணையின் அடியில் ஒட்டிக்கொண்டே போகிறோம். அப்போது ஹார்ட் டிஸ்க்கில் விலைகள் எப்படி உட்காருகின்றன? திங்கட்கிழமையின் 2,000 பங்குகள், அடுத்து செவ்வாய்க்கிழமையின் 2,000 பங்குகள், அடுத்து புதன்கிழமை. டேட்டாபேஸ் எதுவும் டிஸ்க்கிலிருந்து ஒற்றை வரியை மட்டும் எடுப்பதில்லை. பக்கம் பக்கமாகத்தான் எடுக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற பரவலான டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8,192 பைட். வரி ஒவ்வொன்றின் தலையிலும் அது தன் கணக்குக்காக 23 பைட் எழுதிக்கொள்கிறது. இதையெல்லாம் சேர்த்து வரிக்கு 80 பைட் என்றால், பக்கத்துக்கு 100 வரி. ஒரு நாளுக்கு 20 பக்கம்.

இப்போது ஒரு சாதாரணக் கேள்வி. டைட்டன் பங்கின் இருபது ஆண்டு முடிவு விலைகள் வேண்டும். 5,000 நாள், 5,000 விலை. அவை ஒவ்வொன்றும் இருபது பக்கத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. எனவே 5,000 விலையை எடுக்க 5,000 பக்கத்தைப் புரட்ட வேண்டும். நமக்கு வேண்டியது விலைக்கு 4 பைட் வீதம் 20,000 பைட். டிஸ்க்கிலிருந்து ஏறி வந்தது 4 கோடி பைட். இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்காக மீதி அத்தனையும் சுமந்து வரப்பட்டிருக்கிறது. சுழலும் பழைய டிஸ்க்காக இருந்தால், முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ஏறக்குறைய 10 மில்லி வினாடி ஆகும். 5,000 தாவலுக்கு 50 வினாடி.

இண்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். 1970 வாக்கில் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்த பி-மரம் என்ற இண்டெக்ஸ் அமைப்பு இன்றும் டேட்டாபேஸ்களின் முதுகெலும்பு. கோடி வரிக்குள் ஒரு வரியை மூன்று நான்கு தாவலில் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆனால் இண்டெக்ஸ், டைட்டன் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் சொல்லும். இருக்கும் இடத்தை மாற்றாது. 5,000 பக்கம் 5,000 பக்கம்தான்.

பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்தவர்களுக்கு இதன் விடை தெரியும். கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் முதலில் குறிப்பேட்டில் ஏறும், தேதி வாரியாக. பிறகு அதே பதிவு பேரேட்டில் ஏறும், ஆள் வாரியாக. 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இந்த ஏடுகளின் முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒரே பதிவை ஏன் இரண்டு ஏட்டில் எழுத வேண்டும்? வருகிற கேள்விகள் இரண்டு வகை என்பதால். ‘நேற்று கடையில் என்னென்ன நடந்தது’ என்ற கேள்விக்குக் குறிப்பேடு. ‘இந்த ஆள் நமக்கு எவ்வளவு பாக்கி’ என்ற கேள்விக்குப் பேரேடு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றக் கேள்விக்குப் பதில் தேட முடியும்தான், விடிந்துவிடும்.

விலைகளைப் பங்கு வாரியாக அடுக்கினால் டைட்டனின் 5,000 வரியும் அடுத்தடுத்து 50 பக்கத்தில் உட்கார்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு வேலை. ஆனால் ‘நேற்று அதிகம் ஏறிய பத்துப் பங்கு எவை’ என்று கேட்டால், 2,000 இடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டு கேள்விக்கும் ஒருசேரச் சிறந்த அடுக்கு என்று ஒன்று கிடையாது. அதனால்தான் எந்த மென்பொருள் வாங்குவது என்பதை இரண்டாம் கேள்வியாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நம்மிடம் என்னென்ன கேள்வி வரும், எது நாளைக்கு நூறு முறை வரும், எது மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று எழுதிப் பார்க்காமல் தொடங்கும் எந்த வடிவமைப்பும் குருட்டாம்போக்குத்தான்.

நடைமுறையில் பெரிய நிறுவனங்கள் இரண்டையும் கலந்து செய்கின்றன. தரவை நாள் வாரியாகவோ மாத வாரியாகவோ துண்டு போடுவார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பங்கு வாரியாக, அதற்குள் நேர வாரியாக அடுக்குவார்கள். நாளின் துண்டு வெளியே குறிப்பேடு, உள்ளே பேரேடு. தினசரி விலை மட்டும் என்றால் இந்தச் சிக்கனம்கூட வேண்டாம். 60 கோடி பைட்டை இரண்டு விதமாகவும் அடுக்கி இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ள யாரும் காசு கேட்கப்போவதில்லை.

இரண்டு பிரதி வைத்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்றையும் திருத்த வேண்டாமா என்று டேட்டாபேஸ் பாடம் படித்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு போன்றவற்றில் இதுதான் பெரிய தலைவலி. விலையில் அது இல்லை. நேற்று 3:30 மணிக்கு முடிந்த விலை இனி மாறாது. புதிதாக எழுதப்படுவது இன்றைய துண்டு ஒன்றுதான். முந்தைய துண்டுகளையெல்லாம் மூடி முத்திரை வைத்துவிடலாம். பூட்டு வேண்டாம், ஒரே வரியில் இரண்டு பேர் கை வைப்பார்களோ என்ற கவலை வேண்டாம், பழையதை மலிவான டிஸ்க்குக்குத் தள்ளிவிடலாம், இரவில் இன்றைய துண்டை மட்டும் காப்புப் பிரதி எடுத்தால் போதும். விலைத் தரவு நமக்குத் தரும் சலுகைகள் அத்தனையும் இந்த ஒரே குணத்திலிருந்து வருகின்றன. பின்னால் வரப்போகும் தொல்லைகள் பெரும்பாலும் இந்தக் குணத்தை நாமே கெடுத்துக்கொள்வதால் வருகின்றன.

பத்தி பத்தியாக

அட்டவணை என்ற கருத்தை டேட்டாபேஸ் உலகத்துக்குக் கொடுத்தவர் எட்கர் காட். ஐ.பி.எம்.மின் சான் ஹொசே ஆய்வகத்தில் இருந்தபடி 1970-இல் அவர் எழுதிய கட்டுரையின் பெரிய கொடை, பயனர் பார்க்கும் அட்டவணை வேறு, டிஸ்க்கில் அது கிடக்கும் விதம் வேறு என்று பிரித்ததுதான். பிரித்தார் என்றாலும், அவருக்குப் பின் வந்த டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் அட்டவணையைப் பார்க்கிறபடியே, வரி வரியாக, டிஸ்க்கில் எழுதிவைத்தன. வங்கிக்கு அதுதான் வசதி. ஒரு வாடிக்கையாளர் கவுன்ட்டருக்கு வந்தால் அவருடைய பெயர், முகவரி, இருப்பு எல்லாமே ஒன்றாக வேண்டும்.

பங்கு விலையில் கேள்வி வேறு மாதிரி வரும். முடிவு விலை மட்டும், ஆனால் 5,000 நாளுக்கு. உச்சமும் தாழ்வும் மட்டும், ஆனால் எல்லாப் பங்குக்கும். அட்டவணையைச் செங்குத்தாக அறுத்து, முடிவு விலைப் பத்தியை ஒரு கோப்பாகவும் உச்ச விலைப் பத்தியை இன்னொரு கோப்பாகவும் வைத்தால் என்ன? டைட்டனின் 5,000 முடிவு விலை, தலைக்கு 4 பைட், மொத்தம் 20,000 பைட். மூன்று பக்கம். 5,000 பக்கத்தில் தொடங்கிய வேலை, வரிசையை மாற்றியதும் 50 ஆகி, பத்தியாகப் பிரித்ததும் 3-க்கு வந்துவிட்டது. இயந்திரம் அதே இயந்திரம்தான்.

இந்த யோசனை பல்கலைக்கழகத்திலிருந்து சந்தைக்குப் போனது என்று நினைத்தால் தவறு. கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர், கணிதத்தை எழுதுவதற்கான குறியீடாக ஒன்றை உருவாக்கி 1962-இல் புத்தகமாக வெளியிட்டார். அதுவே ஏ.பி.எல். என்ற கணினி மொழியாயிற்று. 1979-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்த மொழியில் ஓர் எண்ணைப் போலவே ஓர் எண் வரிசையும் ஒரே பொருள். பத்தாயிரம் விலையை இன்னொரு பத்தாயிரம் விலையிலிருந்து கழிக்க ஒரே ஒரு குறி போதும். சிறுவனாக இருந்தபோதே ஐவர்சன் அதை இயக்கிக் காட்டப் பார்த்த ஆர்தர் விட்னி, பின்னாளில் மார்கன் ஸ்டான்லியில் சேர்ந்து 1988-இல், பின்னர் ஏ பிளஸ் ஆக வளர்ந்த மொழியை எழுதினார். 1993-இல் கேஎக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். 1998-இல் கேடிபி என்ற டேட்டாபேஸ் வந்தது. அதில் எழுதிய நிரலைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்துபோனது போலத்தான் இருக்கும். ஆனால் பத்தி பத்தியாக, நாள் துண்டுக்குள் பங்கு வாரியாக அடுக்கும் முறையை வால் ஸ்ட்ரீட் அதில்தான் பழகியது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினரின் சி-ஸ்டோர் கட்டுரை, பத்திமுறையைக் கணினித் துறை முழுவதும் பேசவைத்தது 2005-இல்தான். ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையத்தில் மோனட்டிடிபி என்ற பெயரில் இதே வழியில் முன்பே போய்க்கொண்டிருந்தவர்கள் உண்டு.

பத்தியாகப் பிரித்ததும் இன்னொரு லாபம் தானாக வந்து சேர்கிறது. ஒரே ஜாதி எண்கள் அடுத்தடுத்து உட்காரும்போது அவற்றைச் சுருக்குவது எளிது. நேரப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: 9:15, 9:16, 9:17. முழு நேரத்தையும் எழுதாமல் வித்தியாசத்தை எழுதினால் 60, 60, 60 வினாடி. வித்தியாசத்தின் வித்தியாசத்தை எழுதினால் 0, 0, 0. பூஜ்யத்தை எழுத ஒரு பிட் போதும். ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களின் நாடித்துடிப்பைக் கண்காணிக்கச் செய்த கொரில்லா என்ற அமைப்பைப் பற்றி 2015-இல் எழுதினார்கள். இந்த முறையில் 96 சதவீத நேரக்குறிப்புகள் ஒற்றை பிட்டுக்குச் சுருங்கின. நேரமும் மதிப்பும் சேர்ந்து 16 பைட்டாக இருந்த பதிவு சராசரியாக 1.37 பைட்டுக்கு இறங்கியது. சர்வரின் சூடும் பங்கின் விலையும் இந்த விஷயத்தில் உறவுக்காரர்கள்: போன கணம் இருந்த இடத்திலிருந்து பெரும்பாலும் அதிகதூரம் போவதில்லை.

எத்தனை பிட்?

விலையை எப்படி எண்ணாக எழுதுவது என்பது சின்னக் கேள்வி போலத் தெரியும். கணினியின் மிதவைப் புள்ளி எண்ணில் 0.1 என்பதைத் துல்லியமாக எழுத முடியாது. இரும எண் முறையில் அது முடிவில்லாத பின்னம். எனவே பைசாக் கணக்கை அதில் வைப்பது ஆபத்து என்று பாடநூல்கள் சொல்லும். ஒற்றை விலைக்கு அந்தப் பிழை ஒன்றும் செய்யாது. திரும்பத் திரும்பக் கூட்டும்போதுதான் வேலையைக் காட்டும். இதற்கு நெருங்கிய உறவான ஒரு கதை வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்தது. 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை அதைப் புதுக்கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசமத்துக்குப் பின் வருவதை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524.811-இல் வந்து நின்றது. சந்தை ஒன்றும் சரிந்திருக்கவில்லை. சரியாகக் கணக்குப் போட்டபோது 1,098.892 வந்தது. பாதிச் சந்தை, வெட்டி எறிந்த நான்காம் தசமத்தில் கரைந்திருந்தது.

ஆகவே முழு எண்ணாக எழுதுவதே பத்திரம். எதை அலகாக வைப்பது? நம் சந்தையில் விலை நெடுங்காலம் 5 பைசாவின் மடங்கில்தான் நகர்ந்தது. ஆகவே 5 பைசாவை ஒன்று என்று வைத்தால் எண்கள் சிறியதாக இருக்கும், நன்றாகச் சுருங்கும். அப்படிச் சாமர்த்தியம் காட்டியிருந்தால் 2024 ஜூனில் மாட்டிக்கொண்டிருப்போம். தேசியப் பங்குச் சந்தை, 250 ரூபாய்க்குக் கீழே விற்கும் பங்குகளுக்கு ஒரு பைசா நகர்வைக் கொண்டுவந்தது. பைசாவை அலகாக வைத்தால்? டாலர்-ரூபாய் வாய்தா வர்த்தகத்தில் கால் பைசா நகர்வு உண்டு. சரி, ரூபாயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைப்போம். நான்கு தசமம். அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையும் விலைகளை அனுப்ப இதைத்தான் செய்தது, 32 பிட் முழு எண்ணில்.

32 பிட்டில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 429,49,67,295. நான்கு தசமத்தைக் கழித்தால் 4,29,496.7295 டாலர். ஒரு பங்கு அந்த விலைக்குப் போகுமா என்று யாரும் கவலைப்படவில்லை. வாரன் பஃபெட் தன் பெர்க்ஷயர் ஹாத்தவேயின் ‘ஏ’ பங்கை ஒருபோதும் பிரிக்காதவர். 2021 மே மாதத் தொடக்கத்தில் அது 4,20,000 டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது, நாஸ்டாக் தன் விலை ஒளிபரப்புகளில் அந்த ஒரு பங்கின் விலையை மட்டும் நிறுத்திவைத்தது. வரம்பைத் தாண்டிவிட்டால் அடுத்த டாலரில் எண் சுழன்று பூஜ்யத்துக்கு அருகில் வந்து நின்றிருக்கும்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. பங்கைப் பிரிக்காமல் வைத்திருக்கும் சென்னையின் எம்.ஆர்.எஃப்., 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. குறை எண்ணுக்கும் இடம் விட்டு நான்கு தசமம் வைத்த 32 பிட் எண்ணின் எல்லை 2,14,748 ரூபாய். அன்று மாலை பலருடைய அட்டவணை அதை மறுத்திருக்க வேண்டும். 64 பிட் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தியைச் சுருக்கித்தான் வைக்கப்போகிறோம். தலையில் கிடக்கும் பூஜ்யங்களுக்கு டிஸ்க்கில் ஏறக்குறைய செலவே இல்லை.

எல்சிட் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தப் பங்கு அதற்கு முன் கடைசியாக விற்ற விலை 3 ரூபாய் 53 காசு. ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம் அது. சொத்து மதிப்புக்கும் சந்தை விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் கிடந்தது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கென நடத்திய தனி ஏலத்தில் ஒரே நாளில் உண்மை விலைக்குத் தாவியது. இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 ஜூன் 3 அன்று, நியூயார்க் சந்தையில் பெர்க்ஷயர் ‘ஏ’ பங்கு ஆறு லட்சம் டாலரை ஒட்டிய விலையிலிருந்து 185.10 டாலருக்கு வீழ்ந்ததாகத் திரையில் வந்தது. அது தொழில்நுட்பக் கோளாறு. அந்த விலையில் நடந்த வர்த்தகங்களை ரத்து செய்தார்கள். ஒன்று நம்பமுடியாத உண்மை, மற்றது நம்பமுடியாத பொய். ‘ஒரே நாளில் 50 சதவீதத்துக்கு மேல் மாறினால் தூக்கி எறி’ என்று வடிகட்டி வைத்திருந்தவரின் டேட்டாபேஸ் இரண்டையுமே எறிந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல வழியில்லை. வந்ததை வந்தபடியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தியில் ‘சந்தேகம்’ என்றோ ‘ரத்தானது’ என்றோ எழுதுவதுதான் வழி. பேரேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது, திருத்தப் பதிவு தனியாகப் போட வேண்டும் என்று கணக்குப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையே.

நடந்தது நடந்ததுதான்

வந்ததை வந்தபடியே வைக்கும் இந்த விதியை மீறும்படி மிகவும் ஆசை காட்டுவது போனஸ் பங்கு. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாயிற்று. யாரும் பதறவில்லை, ஒன்றுக்கு ஒன்று போனஸ், கையில் இருந்த ஒரு பங்கு இரண்டாகிவிட்டது. ஆனால் அட்டவணையைப் படிக்கும் நிரலுக்கு இது தெரியாது. அதற்கு இது 50 சதவீத வீழ்ச்சி. ஆகவே பலரும் செய்வது: பழைய விலைகளையெல்லாம் இரண்டால் வகுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதிவிடுவார்கள். வரைபடம் வழவழப்பாகிவிடும்.

இன்ஃபோசிஸில் இதைச் செய்து பாருங்கள். 1993-இல் அந்த நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கை 95 ரூபாய்க்கு விற்றது. 1994, 1997, 1999, 2006, 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000-இல் பங்குப் பிரிப்பு, ஒன்று இரண்டாயிற்று. 2004-இல் ஒன்றுக்கு மூன்று போனஸ். பெருக்கிப் பார்த்தால் அன்றைய ஒரு பங்கு இன்று 1,024 பங்கு. அந்த 95 ரூபாய் இன்றைய கணக்கில் 9 பைசாவும் சில்லறையும். இரண்டு தசமம் மட்டும் வைக்கும் அட்டவணையில் அது 0.09. மறுநாள் 3 ரூபாய் ஏறி 98 ஆகியிருந்தால்? அதை வகுத்தால் 9.57 பைசா, 0.10. ஒன்றரை ரூபாய் ஏறியிருந்தால் எண்ணில் அசைவே இருக்காது. அந்தக் காலத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் இப்படித் தேய்ந்துவிடும். திரும்ப 1,024-ஆல் பெருக்கினாலும் வராது. முத்திரை வைத்து மூடிய துண்டுகளையெல்லாம் ஒவ்வொரு போனஸுக்கும் திறந்து எழுத வேண்டிய தண்டனை வேறு.

நடந்த விலையைத் தொடாமல், நிகழ்வுகளுக்கென்று ஒரு சிறிய அட்டவணை போட்டால் போதும்: எந்தப் பங்கு, எந்தத் தேதி, பெருக்கு எண் எவ்வளவு. 2,000 நிறுவனத்துக்கு ஆளுக்குப் பத்து நிகழ்வு என்றாலும் 20,000 வரி. கேட்கும்போது பெருக்கிக்கொள்ளலாம். 1993-இல் சந்தையில் நின்றவர் பார்த்த விலையும் கிடைக்கும், இன்றைய கணக்கிலான விலையும் கிடைக்கும்.

பெயர்களிலும் இதே கதைதான். ஃபேஸ்புக் நிறுவனம் 2022 ஜூன் 9 முதல் மெட்டா என்ற குறியீட்டில் வர்த்தகமாகிறது. அதற்கு முன் 2021-இல் அதே குறியீட்டை வைத்திருந்தது ரவுண்ட்ஹில் என்ற நிறுவனத்தின் ஒரு முதலீட்டு நிதி. குறியீட்டையே அடையாளமாக வைத்த டேட்டாபேஸ், அந்த நிதியின் விலையையும் ஃபேஸ்புக்கின் விலையையும் ஒரே கோட்டில் ஒட்டி வரைந்து கொடுக்கும். குறியீட்டுக்குப் பதில் ஐசின் என்ற 12 எழுத்து அடையாள எண்ணை நம்பலாமா? நம் நாட்டில் முகமதிப்பைப் பிரித்தால் ஐசினும் மாறிவிடும். ஆகவே, எந்த அர்த்தமும் இல்லாத ஒரு வரிசை எண்ணை நாமே ஒவ்வொரு பங்குக்கும் சூட்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அதற்கு என்ன பெயர் என்பதைத் தனி அட்டவணையில் வைப்பதே நல்லது. மூடிப்போன நிறுவனங்களை நீக்கும் ஆசையும் கூடாது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் இல்லாத இந்திய விமானத் துறை வரலாறு லாபகரமாகத்தான் தெரியும்.

நாள்காட்டியை நம்பியும் பலர் கெட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 375 நிமிடம், ஆகவே 375 கட்டம் என்று அமைத்துவிடலாம் என்று தோன்றும். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை கோளாறால் 11:40 மணிக்கு நின்றது. 3:45-க்குத் திரும்பத் தொடங்கி 5 மணி வரை நடந்தது. தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான் நடக்கும். 2023-இல் அது ஞாயிற்றுக்கிழமை. கட்டங்களை முன்கூட்டியே அமைக்காமல், நடந்த வர்த்தகத்துக்கு மட்டும் நேரத்தோடு வரி எழுதுவதே மேல். சிறிய நிறுவனப் பங்கு இரண்டு மணி நேரம் விற்காமல் கிடந்தால், அந்த வெற்றிடமும் ஒரு தகவல்தான். முந்தைய விலையை இட்டு நிரப்பினால் அது அழிந்துவிடும்.

டிக் மட்டத்தில் இந்த வெற்றிடங்களே மையப் பிரச்சினை ஆகின்றன. 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் தடுமாறி விழுந்து எழுந்தது. என்ன நடந்தது என்று இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து அறிக்கை வெளியிட்டது செப்டம்பர் 30 அன்று. பல சந்தைகளின் பதிவுகளைச் சேர்த்து அந்த நிமிடங்களைத் திரும்பக் கட்டுவதற்கு ஏறக்குறைய ஐந்து மாதம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட வேலையில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: இந்த விற்பனை நடந்த கணத்தில், வாங்குபவர்கள் கேட்ட விலை என்னவாக இருந்தது? விற்பனைகள் ஓர் அட்டவணையில், கேட்பு விலைகள் இன்னொன்றில். இரண்டின் நேரங்களும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. மைக்ரோ வினாடியில் சமமான நேரம் தற்செயலாகத்தான் வரும். வழக்கமான டேட்டாபேஸ் இணைப்பு சமமானதைத் தேடும், எதுவும் கிடைக்காமல் கைவிரிக்கும். நமக்கு வேண்டியது அந்தக் கணத்துக்கு முன் கடைசியாக வந்த கேட்பு விலை.

வரிசையில்லாத அட்டவணையில் இதற்கு ஒவ்வொரு விற்பனைக்கும் மற்ற அட்டவணை முழுவதையும் துழாவ வேண்டும். இரண்டும் பங்கு வாரியாக, அதற்குள் நேர வாரியாக ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தால், இரண்டு அட்டவணையிலும் ஒவ்வொரு விரலை வைத்து, நேரத்தில் பின்தங்கியதை நகர்த்திக்கொண்டே இறங்கினால் ஒரே நடையில் முடிந்துவிடும். கிளிக்ஹவுஸ், டக்டிபி போன்ற புதிய டேட்டாபேஸ்கள் இந்த இணைப்பைத் தனிக் கட்டளையாகவே இப்போது வைத்திருக்கின்றன. கேடிபியில் அது ரொம்ப நாளாக இருக்கிறது. பெயர் இரண்டே எழுத்து, ஏஜே.